இனிஷியலுக்கு இடமில்லாத புத்தகம்

குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் கேட்பது, "எத்தனை நாளில் வரும்?" என்பதுதான். கேட்கத்தான் செய்வார்கள். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கும், குடும்பத்தோடு கிளம்ப வேண்டியிருக்கும். துபாயில் இருக்கும் அண்ணன் வீட்டில் கிரகப்பிரவேசம் இருக்கும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் டிக்கெட் விலை ஏறிவிடுமே என்ற கவலை வேறு. பதிலுக்கு நான் கேட்பது ஒன்றுதான்: "பர்த் சர்டிபிகேட்டில் பெயர் எப்படி இருக்கிறது? எழுத்து எழுத்தாகப் படித்துச் சொல்லுங்கள்." சிலர் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருப்பார்கள். சிலர் போனில் படம் எடுத்து வைத்திருப்பார்கள். பெரிதாக்கிப் படிக்கும்போதுதான் அப்பா பெயரில் ஓர் எழுத்து குறைவது கண்ணில் படும்.

அதனால் பாஸ்போர்ட் ஆபீசைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் அந்தக் காகிதத்தைப் பற்றிப் பேசுவோம். ஆபீசில் நடக்கும் வேலை எளிது. ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். வீட்டில் முடிய வேண்டியதுதான் பெரிய வேலை. குழந்தையின் பெயரை எப்படி எழுதுவது, அப்பா அம்மா பெயர்கள் எல்லாக் காகிதத்திலும் ஒன்றுபோல இருக்கின்றனவா, கையெழுத்துப் போட வேண்டிய இருவரும் போடுவார்களா: இந்த மூன்றும் தெளிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

முன்பெல்லாம் சின்னக் குழந்தைகளின் பெயரைப் பெற்றோரின் பாஸ்போர்ட்டிலேயே சேர்த்துக்கொள்ள முடிந்தது. பழைய பாஸ்போர்ட் வைத்திருக்கும் தாத்தா பாட்டிமார்கள், "அம்மா புத்தகத்திலேயே எழுதிவிடுவார்களே" என்று இன்றும் சொல்வார்கள். அந்த வழக்கம் போய்விட்டது. பிறந்து ஒரு மாதமே ஆன குழந்தைக்கும் தனிப் புத்தகம், தனி எண், தனிப் படம்.

2023 அக்டோபர் 1-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தையா? அப்படியானால் பிறந்த தேதிக்குப் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான் ஆதாரம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் செய்த திருத்தம் அந்த நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி 2025 பிப்ரவரியில் பாஸ்போர்ட் விதிகளையும் திருத்தினார்கள். அதற்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சான்றிதழ் போன்ற வேறு வழிகளும் உண்டு. இருந்தாலும் பிறப்புச் சான்றிதழோடு போவதுதான் சிக்கலில்லாதது.

சான்றிதழ் எங்கே கிடைக்கும் என்பதில் பலருக்குக் குழப்பம். நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. வீடு அடையாற்றில் இருக்கலாம். குழந்தை திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனையில் பிறந்திருந்தால் பதிவு தேனாம்பேட்டை மண்டலத்தில் இருக்கும். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போவது நம் வழக்கம். மதுரையில் பிறந்திருந்தால் மதுரை மாநகராட்சி, கும்பகோணத்தில் பிறந்திருந்தால் கும்பகோணம் மாநகராட்சி. சென்னையில் பிறந்த குழந்தையின் சான்றிதழை மாநகராட்சி இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். திருத்தம் என்று வந்தால் மட்டும் பதிவு செய்த இடத்தைத் தேடிப் போக வேண்டும். வெளியூரில் பிறந்த குழந்தையின் சான்றிதழில் பிழை இருந்தால், பாஸ்போர்ட்டுக்கு முன் ஊருக்கு ஒரு பயணம் இருக்கிறது என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சில சான்றிதழ்களில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பிறப்பை ஆஸ்பத்திரியிலிருந்து உடனே பதிந்துவிடுகிறார்கள். நாம் பெயர் வைப்பதோ நாள் பார்த்து, பெரியவர்களைக் கேட்டு. இதில் பயப்பட ஒன்றுமில்லை. பதிவு செய்த 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் பெயரில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க உட்காராதீர்கள்.

இந்த ஒரு காகிதத்துக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த பெற்றோருக்கு 1986 ஜனவரியில் மண்டபத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அகதி முகாமிலேயே வளர்ந்து, மணமாகி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு அவர் பாஸ்போர்ட் கேட்டார், மறுத்துவிட்டார்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. மண்டபத்தில் பிறந்ததற்கான சான்றிதழ் அவர் கையில் இருந்தது. 2022 ஆகஸ்ட்டில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அவருக்குப் பாஸ்போர்ட் வழங்கச் சொல்லித் தீர்ப்பளித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் திருச்சியில் ஓட்டும் போட்டார். ஒரு பிறப்புப் பதிவு முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து ஒரு மனுஷிக்கு நாட்டையே உறுதி செய்து கொடுத்திருக்கிறது. (இன்று பிறக்கும் குழந்தைகளுக்குச் சட்டம் வேறு. 2004 டிசம்பர் 3 முதல், பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறாதவராகவும் இருக்க வேண்டும்.)

டீயை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவது பெயர். இங்கேதான் நிதானம் வேண்டும்.

நம் பெயர்களில் இனிஷியல் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியலுக்கு இடம் கிடையாது. அதை விரித்துத்தான் எழுத வேண்டும். விண்ணப்பத்தில் பெயருக்கு இரண்டு கட்டங்கள்: ஒன்று கிவன் நேம், இன்னொன்று சர்நேம். செல்வகுமார் என்பவரின் மகள் யாழினி என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் அவள் 'எஸ்.யாழினி'. பாஸ்போர்ட்டில் அவளை இரண்டு விதமாக எழுதலாம். கிவன் நேமில் 'யாழினி', சர்நேமில் 'செல்வகுமார்' என்பது ஒரு வழி. கிவன் நேமிலேயே 'யாழினி செல்வகுமார்' என்று முழுதாக எழுதிவிட்டு, சர்நேம் கட்டத்தைக் காலியாக விடுவது இன்னொரு வழி. நம் ஊர் அலுவலகம் இரண்டையும் ஏற்கும். நம் தலைமுறையில் பலர் இரண்டாவது வழியில் எடுத்தவர்கள்தான். "நமக்குத்தான் குடும்பப் பெயர் கிடையாதே" என்பது அதற்குக் காரணம்.

காலி விட்ட கட்டம் வெளிநாட்டில்தான் தொல்லை கொடுக்கும். சர்நேம் இல்லாத பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா கொடுக்கும்போது, முழுப் பெயரையும் சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சடிப்பார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது. அந்த மூன்றெழுத்து விசாவோடு நின்றுவிடாது. பள்ளிப் பதிவு, டிரைவிங் லைசென்ஸ், வங்கிக் கணக்கு என்று கூடவே வரும். அழகான தமிழ்ப் பெயர் வைத்த பிள்ளையை வகுப்பில் 'ஃப்னூ' என்று கூப்பிட்டதாகச் சொல்லி வருத்தப்பட்ட பெற்றோரை எனக்குத் தெரியும். வளைகுடாவில் இன்னும் கடுமை. 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. ஏர் இந்தியாவும் இண்டிகோவும் சுற்றறிக்கை அனுப்பின. அடுத்த சில நாட்களில், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் அதை ஏற்றுக்கொள்வோம் என்று விளக்கம் வந்தது. அந்த நாட்களில் டிக்கெட் எடுத்து வைத்திருந்த தமிழ்க் குடும்பங்கள் பட்ட தவிப்பு கொஞ்சமல்ல.

அதனால் என் யோசனை முதல் வழிதான். குழந்தையின் பெயர் கிவன் நேமில், அப்பா பெயர் சர்நேமில். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் 'யாழினி' என்று மட்டும் இருந்து, தந்தை பெயருக்கான இடத்தில் 'செல்வகுமார்' இருந்தால், அவர் பெயரைச் சர்நேமாக நிரப்புவது தமிழ்நாட்டில் வழக்கமாக நடப்பதுதான். அக்காவுக்கு எப்படி எழுதினீர்களோ அப்படியே தம்பிக்கும் எழுதுங்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இரண்டு விதமான பெயர் அமைப்போடு போய் நின்றால் ஒவ்வொரு விமான நிலையத்திலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

இந்த இடத்தில் சிலர் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "சர்நேம் என்றுதானே கேட்கிறார்கள், எங்கள் தாத்தா பெயருக்குப் பின்னால் இருந்த பட்டத்தைப் போட்டுவிடலாமா?" வேண்டாம் என்பேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாமல் போனதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. இந்தியாவின் பல மாநிலங்களில் பெயரைக் கேட்டதுமே சாதி தெரிந்துவிடும்; இங்கே தெரியாது. அப்படி ஆக்குவதற்கு நம் முன்னோர் ஒரு தலைமுறைக் காலம் உழைத்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக, அவர்கள் கழற்றி வைத்ததைக் குழந்தையின் தலையில் ஏற்ற வேண்டாம். அப்பா பெயர் போதும். அம்மா பெயரைச் சேர்க்க ஆசையென்றால் அதையும் யோசிக்கலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழ் எழுதும்போதே முடிவு செய்துவிடுங்கள்.

எழுத்துக்கூட்டலும் இப்போதே முடிவாக வேண்டும். யாழினியின் ழகரத்துக்கு இங்கே பெரும்பாலும் 'இஸட் ஹெச்' போடுகிறோம். சிலர் 'எல்' போடுகிறார்கள். எது என்பதைவிட எல்லாக் காகிதத்திலும் ஒன்றே என்பது முக்கியம். எண் கணிதம் பார்த்து நடுவில் ஒரு 'ஏ' கூட்ட வேண்டுமென்றால், அதையும் சான்றிதழுக்கு முன்பே கூட்டிவிடுங்கள். ஆதாரில் ஓர் எழுத்து, சான்றிதழில் ஓர் எழுத்து, எல்.கே.ஜி. சேர்க்கையில் இன்னொன்று என்றாகிவிட்டால், ஒவ்வொன்றையும் திருத்துவதற்கு மற்றொன்றை ஆதாரமாகக் கேட்பார்கள்.

குழந்தை பெயருக்கு அடுத்தது பெற்றோர் பெயர்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் 'செல்வகுமார் ராமசாமி' என்றும், குழந்தையின் சான்றிதழில் 'ஆர்.செல்வகுமார்' என்றும் இருக்கும். இது பொதுவாக விளக்கிச் சரிசெய்யக்கூடியது. 'செல்வக்குமார்' என்று நடுவில் ஒரு 'கே' அதிகமாகியிருந்தால் சான்றிதழைத் திருத்திக்கொண்டு போவதே நல்லது. அம்மாவின் பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன் எடுத்ததாக இருந்தால் அதில் கணவர் பெயர் இருக்காது. முடிந்தால் குழந்தைக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதை ரீ-இஷ்யூ செய்து, கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெற்றோர் இருவரிடமும் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்து, துணைவர் பெயர்களும் பதிவாகியிருந்தால், குழந்தையின் விண்ணப்பம் பெரும்பாலும் போலீஸ் வெரிஃபிகேஷன் இல்லாமலே நகர்ந்துவிடும். அம்மா தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. பெற்றோருக்குப் பாஸ்போர்ட்டே இல்லையென்றாலும் குழந்தைக்கு எடுக்கலாம். கொஞ்சம் கூடுதல் நாளாகும், அவ்வளவுதான்.

மூன்றாவது, கையெழுத்து. 'அனெக்சர் டி' என்று ஒரு உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. இந்தக் குழந்தை எங்களுடையது, இந்தியக் குடிமகன், இதன் செலவுகளுக்கு நாங்களே பொறுப்பு என்று அப்பா, அம்மா இருவரும் கையெழுத்திட வேண்டும். 2016 டிசம்பரில் விதிகளைத் தளர்த்தியதிலிருந்து இதை வெள்ளைத்தாளில் அச்சடித்துக் கொடுத்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம். ஜெராக்ஸ் கடையில் யாராவது "நோட்டரி போட்டால்தான் எடுப்பார்கள்" என்று சொன்னால் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

இரண்டு கையெழுத்து எதற்கு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. பிரிந்து வாழும் தம்பதியரில் ஒருவர், மற்றவருக்குத் தெரியாமல் குழந்தையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், இன்னொருவர் படும் பாடு சொல்லி முடியாது. இப்படிக் கொண்டுபோன குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்காக 1980-இல் உருவான ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே ஒவ்வொரு வழக்கும் நீதிமன்றத்தில் நெடுநாள் இழுக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கேட்கும் அந்த இரண்டாவது கையெழுத்து ஒரு குழந்தையைக் காப்பாற்றக்கூடிய காவல். அதனால், அவசரத்துக்கு மனைவி கையெழுத்தைக் கணவரோ, கணவர் கையெழுத்தை மனைவியோ போட்டுவிட வேண்டாம். பாஸ்போர்ட் சட்டம் 1967-இன் 12-ஆம் பிரிவில், பொய்த் தகவல் கொடுத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், அம்மாவும் குழந்தையும் மந்தைவெளியில் இருக்கிறார்கள் என்பது தென்சென்னையில் அடிக்கடி பார்க்கும் நிலை. அப்பா அங்குள்ள இந்தியத் தூதரகத்துக்கோ துணைத் தூதரகத்துக்கோ போய், ஒப்புதல் அஃபிடவிட்டில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். இங்கே அம்மா தன் அனெக்சரோடு அதைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் ஸ்கேன் பிரதியை நம்பி அப்பாயின்ட்மென்ட் எடுக்காதீர்கள். அசல் கைக்கு வந்த பிறகு தேதி குறித்துக்கொள்ளலாம்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாக்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களுக்கு வழி இருக்கிறது. மற்றவரின் ஒப்புதல் கிடைக்காதபோது, காரணத்தைச் சொல்லி ஒருவரே விண்ணப்பிக்க 'அனெக்சர் சி' இருக்கிறது. விவாகரத்தாகிக் குழந்தை உங்கள் பொறுப்பில் இருப்பதாக நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். இந்த உரிமை சும்மா வந்துவிடவில்லை. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984-இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கத் தன் கையெழுத்தோடு விண்ணப்பித்தார். தந்தைதான் காப்பாளர் என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் விடவில்லை. தாயும் இயற்கைக் காப்பாளராக இருக்கலாம் என்று 1999 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2015 ஜூலையில், மணமாகாத தாய் ஒருவர் தந்தையின் பெயரை வெளியிடாமலும் அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலும் காப்பாளர் ஆகலாம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு மே மாதம், தனியாக மகளை வளர்த்த ஒரு தாயின் வழக்கில், மகளின் பாஸ்போர்ட்டில் தந்தை பெயரைப் போட்டே ஆக வேண்டும் என்று வற்புறுத்தக் கூடாது என்றது டெல்லி உயர் நீதிமன்றம். அந்த ஆண்டு டிசம்பரிலேயே விதி மாறியது; விண்ணப்பத்தில் அப்பா, அம்மா, காப்பாளர் என்று யாராவது ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்றானது.

நம் ஊரிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தபோது பாஸ்போர்ட் கேட்ட ஒரு பெண்ணிடம் கணவரின் கையெழுத்து கேட்கப்பட்டது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், மனைவி பாஸ்போர்ட் எடுக்கக் கணவரின் அனுமதி தேவையில்லை என்று தெளிவாகச் சொன்னார். அது பெண்ணின் சொந்தப் பாஸ்போர்ட் பற்றியது. குழந்தைக்கான விதி தனி. ஆனாலும் கவுன்டரில் நிற்கும் ஒரு தாய்க்கு இது தெரிந்திருந்தால் குரலில் தெம்பு வரும்.

மீதியை வேகமாகப் பார்த்துவிடலாம். விண்ணப்பம் பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலோ எம்பாஸ்போர்ட் சேவா செயலியிலோ மட்டும். அரசுத் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடியும். அதே சாயலில் வேறு முடிவோடு வருபவற்றில் பணம் கட்டிவிடாதீர்கள். சிறுவர்களுக்கு 36 பக்கப் புத்தகம், கட்டணம் 1000 ரூபாய். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் புதிதாக எடுக்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடி. தட்கல் என்றால் 2000 ரூபாய் கூடுதல். உண்மையான அவசரம் இல்லையென்றால் தேவையில்லை. முகவரிக்குப் பெற்றோர் பெயரில் உள்ள ஆதாரம் போதும். வாடகை வீடு மாறி, ஆதாரில் இன்னும் பழைய முகவரி இருந்தால், விண்ணப்பிக்கும் முன் அதை மாற்றுங்கள். அசல்கள் எல்லாம் ஒரு ஃபைலில். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜெராக்ஸ், அதில் பெற்றோரின் செல்ஃப் அட்டெஸ்ட். பெற்றோர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டும் வேண்டும்.

சென்னையில் பாஸ்போர்ட் சேவா கேந்திராக்கள் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் உள்ளன. அண்ணா சாலை ராயலா டவர்ஸில் இருப்பது மண்டல அலுவலகம்; முதல் விண்ணப்பத்துக்கு அங்கே போகத் தேவையில்லை. அடையாறு, திருவான்மியூர்க்காரர்களுக்குத் தாம்பரமும் தோதுதான். மயிலாப்பூரிலிருந்து சாலிகிராமம் போவதென்றால் நேரத்தைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி போகும் மெட்ரோ வழித்தடம் மயிலாப்பூர், பனகல் பார்க், கோடம்பாக்கம், வடபழனி, சாலிகிராமம் என்று ஏறக்குறைய நீங்கள் போகிற பாதையிலேயே போகிறது; வேலை நடக்கும் இடங்களில் வண்டிகளைத் திருப்பிவிடுகிறார்கள். அப்பாயின்ட்மென்ட் தேதியை ஓர் ஆண்டுக்குள் மூன்று முறை வரை மாற்றிக்கொள்ளலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

குழந்தை நேரில் வந்தே ஆக வேண்டும். கூட அப்பாவோ அம்மாவோ ஒருவர் வந்தாலும் போதும், அனெக்சரில் இருவர் கையெழுத்தும் இருந்தால். நான்கு வயதுக்குக் கீழ் என்றால் 4.5-க்கு 3.5 சென்டிமீட்டர் அளவில், வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவைக் கொண்டுபோக வேண்டும். வீட்டருகே உள்ள ஸ்டூடியோவில் எடுக்கும்போது கண் திறந்திருக்கட்டும், பிடித்திருக்கும் கை படத்தில் விழாமல் இருக்கட்டும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குக் கேந்திராவிலேயே படம் எடுப்பார்கள். அன்று வெள்ளை யூனிஃபார்ம் சட்டை வேண்டாம்; பின்னணியும் வெள்ளை என்பதால் தோள் தெரியாமல் போகும்.

உள்ளே டோக்கன் கொடுப்பார்கள். ஏ, பி, சி என்று மூன்று கட்டம். ஏ கவுன்டரில் டி.சி.எஸ். ஊழியர்கள் காகிதங்களை ஸ்கேன் செய்வார்கள். அங்கே திரையில் தெரியும் குழந்தையின் பெயரையும் பிறந்த தேதியையும் நீங்களே படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் சொல்லித் திருத்த அதுதான் நல்ல இடம். பி கவுன்டரிலும் சி கவுன்டரிலும் அரசு அதிகாரிகள் சரிபார்த்து அனுமதி கொடுப்பார்கள். குழந்தைக்குப் பால், ஒரு மாற்றுத் துணி, பெரிய பிள்ளைக்கு ஒரு கதைப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள்.

புத்தகம் ஸ்பீடு போஸ்ட்டில் வீட்டுக்கு வரும். 2025 மார்ச் 3 முதல் சென்னை மண்டலத்தில் சிப் பதித்த இ-பாஸ்போர்ட் வழங்கத் தொடங்கிவிட்டார்கள். அட்டையில் பொன்னிறச் சின்னம் ஒன்று இருக்கும். வாங்கியதும் எழுத்துப் பிழை பாருங்கள். பிறகு பிள்ளை கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அதில் கிறுக்கினால் சேதமடைந்த பாஸ்போர்ட் என்று கணக்காகி மறுபடியும் எடுக்க வேண்டிவரும்.

குழந்தையின் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டு அல்லது பதினெட்டு வயது, எது முந்துகிறதோ அதுவரைதான். பதினைந்து முடிந்தவர்கள் விரும்பினால் பத்தாண்டுப் பாஸ்போர்ட் எடுக்கலாம். பல நாடுகள் பயணத் தேதியிலிருந்து ஆறு மாதமாவது பாக்கி இருக்க வேண்டும் என்று கேட்பதால், கையில் இருப்பது உண்மையில் நாலரை ஆண்டுதான். ஆண்டு விடுமுறைக்கு முந்தைய மாதம் அலமாரியைத் திறந்து பார்த்துத் திகைக்கும் குடும்பங்கள் நிறைய. முடியும் தேதிக்கு ஓராண்டு முன்பே ரீ-இஷ்யூவுக்கு விண்ணப்பிக்கலாம். பழைய புத்தகத்தில் அமெரிக்க விசா இன்னும் உயிரோடு இருந்தால் இரண்டு புத்தகத்தையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும்.

வெளிநாட்டில் பிறந்த பேரக்குழந்தையைப் பற்றியும் தாத்தாக்கள் கேட்பார்கள். இந்தியப் பெற்றோருக்கு அங்கே பிறந்தால், ஓராண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கக் கூடாது. அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட் கிடையாது. இரட்டைக் குடியுரிமை நம் சட்டத்தில் இல்லை.

பிரசவத் தேதி நெருங்கிக்கொண்டிருக்கும் வீட்டில் இதைப் படிக்கிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருக்கும் பையில் உங்கள் இருவர் பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸையும் வையுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் ஆதார் நகல். பிறப்புப் பதிவுக்கான படிவத்தை நர்ஸ் கொண்டுவந்து கொடுக்கும்போது வீட்டில் எல்லோரும் தூக்கமில்லாமல் களைத்திருப்பீர்கள். யார் கையிலாவது கொடுத்து எழுதச் சொல்லாமல், அந்த நகலைப் பார்த்து உங்கள் கையாலேயே நிரப்புங்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் இன்னொருவரை விட்டு ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள்.